பீட்டர்மேன் பெண்டாட்டி

“இங்கே வலிக்குதா?” ஆர்ச்சியின் நெற்றிப்பொட்டு இரண்டையும் எஃபி கட்டைவிரலால் அழுத்தினாள்.

“அடியே, கஞ்சியைக் குடிக்க விடு.”

“வலிக்குதா இல்லையா? அதைச் சொல்லு முதல்ல.”

“இல்லவே இல்லைங்கிறேன்!”

அப்பாடா! அவளுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. விடிந்ததும் விடியாததுமாக எதிர்வீட்டு மிசஸ் டாக்கர்ட்டி மாடிப்படியில் மறித்துக்கொண்டாள். “சேதி தெரியுமா? ஆத்துக்கு அந்தப் பக்கம் துணிக் கம்பெனி பீட்டரையும் வெடி வச்சுத் திறந்துட்டாங்களாம். இந்த வாரத்துல நாலாவது! ஆமா, உன் வீட்டுக்காரர் ராத்திரி எங்கே?” கேட்டாளே ஒரு கேள்வி, மகராசி!

கிளாஸ்கோ திருடர்களுக்கு இரும்புப் பெட்டி என்றால் பீட்டர். அதை வெடி வைத்துத் திறக்கிறவன் பீட்டர்மேன். கல்யாணத்துக்கு முன்னால் ஆர்ச்சிக்கு அதுதான் பிழைப்பு.

ஜெலட்டின் வெடிமருந்தை வெறுங்கையால் பிசைந்து பூட்டுக்குள் அடைப்பான். அந்த விஷம் தோல் வழியாக ஏறி மண்டையைப் பிளக்கும். இரண்டு நாள் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு சுருண்டு கிடப்பான். “இனி ஒரு தடவை தொட்டே, நான் உனக்கு இல்ல” என்று சொல்லிவிட்டுத்தான் எஃபி மோதிரத்துக்கு விரலை நீட்டினாள்.

இரண்டு வருஷமாக ஒழுங்காகக் கப்பல் பட்டறைக்குப் போகிறான். போன ஞாயிறு ஜலதோஷம் என்று ஒரு நாள் போர்வைக்குள் கிடந்தான், அவ்வளவுதான். நேற்றுகூட ராத்திரி ஷிப்ட்.

கதவு தட்டப்பட்டது. இன்ஸ்பெக்டர் மக்ஃபேல் நின்றார், பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள்.

“ராத்திரி எங்கேப்பா இருந்தே?”

ஆர்ச்சி வாயைத் திறப்பதற்குள் எஃபி குறுக்கே வந்து நின்றாள். “பட்டறையில இருந்தாரு. பைபிள்ல அடிச்சு சத்தியம் பண்றேன், போதுமா? சந்தேகம்னா அவர் நெத்தியைத் தொட்டுப் பாருங்க. ஜெலட்டினைத் தொட்டிருந்தா இப்படி உக்காந்து கஞ்சி குடிப்பாரா?”

“எஃபி, சும்மா இரு.”

“ஏன் இருக்கணும்? நீ என்ன தப்பு பண்ணினே?” அவள் இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள். “தலைவலி எல்லாம் எனக்குத்தான் சார். காலையில இவர் கோட்டை எடுத்துப் பையெல்லாம் உதறி, பிரஷ் போட்டு மாட்டினேன். அப்போ பிடிச்சது, இன்னும் இடி இடின்னு இடிக்குது. எப்போ யார் வந்து நிப்பாங்களோங்கிற பயம்தான், வேற என்ன!”

ஆர்ச்சி தலை நிமிரவில்லை. கரண்டியைக் கீழே வைத்தான்.

மக்ஃபேல் தொப்பியைக் கழற்றினார். பாவம், அவருக்கே சொல்ல மனசு வரவில்லை.

“தினம் தொடுறவனுக்கு வலி விட்டுப் போயிடும்மா. அவன் கோட்டைத் தொட்டவங்களுக்குத்தான் வலிக்கும்.”