எதிரே இருந்த முகம்

கல்லூரி விடுதியில் ஒரே அறையில் சீட்டாடிப் பழகிய ஐந்து நண்பர்களும் பின்னாளில் போக்கர் ஆட்டக்காரர்களாகப் பெயர் பெற்றார்கள். அதன்பிறகு போட்டி மேசைகளில் மட்டுமே சந்தித்தார்கள். அங்கே யாரும் மனம்விட்டுப் பேசுவதில்லை. பேசினால் எதிராளிக்கு ஏதாவது தெரிந்துவிடும். கோவாவில் நடந்த இறுதிச் சுற்றில் அவர்களில் ஆல்வினும் சுயம்புவும் மட்டும் எஞ்சினார்கள். ஆல்வின் தன் பந்தய வில்லைகள் அத்தனையையும் நடுவே தள்ளினான். நல்ல சீட்டில்லாமல் மிரட்டும் பொய்யாட்டமா என்று அறிய சுயம்பு அவன் முகத்தைப் பார்த்தான். அதில் ஜெயிக்கும் ஆசைகூட இல்லை.

“லேய், வீட்ல என்னல?” என்று கேட்டான்.

“பேச்சுக் கொடுத்துக் குழப்பப் பார்க்கிறார்!” என்று வர்ணனையாளர் சிரித்தார்.

ஆல்வின் குனிந்துகொண்டான். “அம்மை போயிட்டா. நாப்பது நாளாச்சு. கடைசிவரைக்கும் ஒன்னத்தான் கேட்டா, சுயம்பு வரலியான்னு.”

சுயம்பு எழுந்தான். இருக்கையை விட்டு நகர்ந்தால் அவன் சீட்டுகள் செல்லாது என்று நடுவர் எச்சரித்தார். ஒரு கணம் நின்றான். இவன் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை வருடமாயிற்று என்று எண்ணிப் பார்த்தான், நினைவில்லை. மேசையைச் சுற்றி நடக்கத் தொடங்கினான்.