மொட்டைப்பனை வழக்கு

எந்தக் காடு என்று கேட்காதீர்கள், ஏதோ ஒரு காட்டில் ஒரு மைனா இருந்ததாம். மொட்டைப்பனையில் அதற்கொரு பொந்து. இரை தேடிப் போய்த் திரும்புவதற்குள் கிளி ஒன்று அங்கே குடியேறிவிட்டது. வழக்கு பூம்பூம் மாட்டிடம் போனது. கிளி முந்திக்கொண்டு பேச, மாடு தலையாட்டியது. பொந்து கிளிக்கென்று ஆகிவிட்டது.

மைனா மலையுச்சிக்குப் பறந்து யானையிடம் முறையிட்டது. யானையின் தீர்ப்புக்கு மேலே போய்க் கேட்க யாருமில்லை.

“ஐயா, பொந்து என்னோடதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. என் குஞ்சுங்க கண்ணு திறந்த இடம்.”

“அது இருக்கட்டும் தாயி. மாடு உன்னைப் பேச விட்டுச்சா?”

“எங்க விட்டுச்சு? கிளி பேச்சை நிறுத்தின பிறகும் மண்டையை ஆட்டிக்கிட்டே இருந்துச்சு.”

“அப்ப அந்தத் தீர்ப்பு செல்லாது. உன் பேச்சையும் கேட்டுட்டு மாடு மறுபடி சொல்லணும்.”

“நீங்களே சொல்லிடக் கூடாதா?”

“நான் தப்பாச் சொல்லிட்டா, அப்புறம் யார்கிட்ட போவ?”

மைனா கீழே திரும்பிப் பார்த்தது. அங்கிருந்து பார்த்தால் பனை தெரிந்தது. பொந்துக்கு வெளியே ஒரு பச்சை வால் நீட்டிக்கொண்டிருந்தது.

“இன்னும் கொஞ்சம் பாத்துக்கிறேன் ஐயா.”

யானை ஒதுங்கி நின்றது. பார்த்துப் பார்த்துக் கண் நிறைந்த பிறகு, பேச வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தபடியே மைனா மாட்டைத் தேடிப் பறந்து போனது.