அம்மன் உத்தரவு

“பொஸ்தகம் படிச்சா போன உசுரு திரும்பி வந்துருமா அம்மிணி? பொழுதன்னைக்கும் அதையே கட்டிக்கிட்டு அழுவறியே!”

நிலக்கடலை உரித்துக்கொண்டே மாமியார் அங்கம்மாள் ஆரம்பித்துவிட்டாள். சௌந்திரம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மடியில் கிடந்த மகள் தூங்கட்டும் என்று வழக்கம்போல் வாய்விட்டுப் படித்தாள். துக்கத்திலிருந்து மீள்வது எப்படி என்று யாரோ ஒரு டாக்டர் எழுதிய புத்தகம். ஜேடர்பாளையம் கிளை நூலகத்தில் எடுத்தது. லாரி ஓட்டப் போன கணவன் பிணமாகத் திரும்பி இரண்டு வருடம் ஆகிறது. அதற்குள் இந்த மாதிரி ஒன்பது புத்தகம் படித்துவிட்டாள்.

‘உங்கள் வாழ்க்கைக்கான முடிவை நீங்களே எடுங்கள்’ என்றது கடைசி அத்தியாயம்.

அவள் எடுத்துவிட்டாள். சேலத்தில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். மாமனார் ராசப்பனிடம் சொன்னதுதான் தாமதம், மனிதர் குதித்தார்.

“புருசனைப் பறிகொடுத்தவ டவுன்ல தனியா ரெண்டு வருசம் தங்கறதா? ஊரு காறித் துப்பாதா?”

“எனக்குன்னு ஒரு பொழப்பு வேணுமுங்க மாமா. பாப்பாவை அத்தை பாத்துக்குவாங்க...”

“பாத்துக்கறேன்னு நான் எப்பச் சொன்னேன்?” என்று வெட்டினாள் அங்கம்மாள். “ஏனுங்க, எதுக்கு வீண் சண்டை? ரெண்டு பொட்டணம் கட்டி மாரியாத்தாகிட்டப் பூக் கேட்டுப் பாக்கலாம். வெள்ளை வந்தா போவட்டும். செவப்பு வந்தா அந்தப் பொஸ்தகத்தைக் கொண்டுபோயிக் குடுத்துட்டு ஊட்டோட கெடக்கட்டும்.”

இத்தனை படித்து, இத்தனை யோசித்துச் சௌந்திரம் எடுத்த முடிவு கடைசியில் ஒரு பூவின் கையிலா? ஆனால் ராசப்பன் அடங்கிவிட்டார். கிணறு வெட்டினாலும் சரி, பெண் கொடுத்தாலும் சரி, பூக் கேட்காமல் அடியெடுத்து வைக்காத மனிதர். அம்மன் சொல்லிவிட்டால் அவருக்கு மறுபேச்சு கிடையாது. ஊருக்கும் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை கோயிலில் நல்ல கூட்டம். வெள்ளைக்கு நந்தியாவட்டை, சிவப்புக்கு அரளி. இலைக்குள் பூவை வைத்துக் கட்டும்போது யாரும் பார்க்கக் கூடாது என்பது வழக்கம். அங்கம்மாள் தலைக்குக் குளித்து, ஈரச் சேலையோடு தனியே உட்கார்ந்து இரண்டு பொட்டலமும் கட்டிக்கொண்டு வந்து அம்மன் காலடியில் வைத்தாள். குழந்தையிடம் ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொன்னார் பூசாரி.

பிஞ்சுக் கை இடது பக்கம் போனது. என்ன நினைத்ததோ, வலது பக்கம் திரும்பியது. சௌந்திரம் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“வெள்ளை! ஆத்தா உத்தரவு குடுத்துட்டா!” என்றார் பொட்டலத்தைப் பிரித்த பூசாரி.

ராசப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “அவளே சொன்னதுக்கு அப்பறம் நான் ஆரு? போயிட்டு வா சாமி.” நேற்றுவரை முகம் சுளித்த ஊர்ச்சனமும் கும்பிட்டது. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக சௌந்திரம் சந்தோஷத்தில் அழுதாள்.

அங்கம்மாள் மிச்சப் பொட்டலத்தை எடுத்து மடியில் செருகிக்கொண்டாள். “எடுக்காத பொட்டணத்தைப் பிரிக்கப்படாது. ஆத்துல உடோணும்.”

வீட்டுக்கு வந்து சௌந்திரம் பெட்டியில் துணி அடுக்கினாள். ராசப்பன் வெளியே போயிருந்தார். அங்கம்மாள் மேல் ஏறி விளையாடிய குழந்தை, அவள் மடியில் இருந்த பொட்டலத்தை இழுத்துப் பிரித்துவிட்டது.

உள்ளே இருந்ததும் நந்தியாவட்டைதான்.

சௌந்திரம் திகைத்துப் போய் நிமிர்ந்தாள். அங்கம்மாள் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்: “ஒம்பது பொஸ்தகமும் நீ படிக்கப் படிக்க நானுந்தான் கேட்டேன் அம்மிணி. ஊரு வாயை அடைக்கறதுக்கு ஒண்ணுலயும் வழி போடலையே!”