அகப்பை பெற்ற பட்டம்

உன்னை எந்தப் பெயரால் அழைத்தால் உன் நெஞ்சு நிமிரும்?

துருக்கிப் பாசறை ஒன்றில், தளபதிக்கு வீரர்கள் பட்டம் சூட்டும் நாள். அவர் இடையில் தொங்கிய டமாஸ்கஸ் வாள், கையிலிருந்த அகப்பையைச் சீண்டியது: "அடுப்படித் தங்கையே, பட்டம் என் பெயரில்தான் வரும். அதன்பின் உன்னை யார் தொடுவார்?"

"முதலில் இவர்கள் பசியாறட்டும், அண்ணா" என்று மட்டும் சொன்னது அகப்பை.

வழக்கம்போல் தளபதி எல்லாருக்கும் தம் கையால் சூப் ஊற்றிவிட்டு, அண்டாவின் அடியில் எஞ்சியதைத் தாம் குடித்தார். வீரர்கள் எழுந்து, "சோர்பஜி!" என்று முழங்கினர். அதுவே அவர் பதவியின் பெயராயிற்று.

"என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டது துருக்கி மொழி அறியாத அயலூர் வாள்.

"சூப்புக்காரர் என்கிறார்கள், அண்ணா" என்ற அகப்பை, தளபதியின் கையில் கொடிபோல் உயர்ந்தது.

அன்பனே, இன்றைக்கே உன் வீட்டு அகப்பையை நீ எடு. எல்லாரும் உண்டபின் உண்.