நேற்று முளைத்த காளான்

விடிய விடிய இடி இடித்து ஓய்ந்த காலையில் கிணற்றடி நந்தியாவட்டை கண் விழித்துப் பார்த்தால், காலடியில் ஒரு காளான் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறது. செடிக்குச் சுருக்கென்றது.

"எந்த ஊருப்பா நீ? ராத்திரி இங்க யாரும் இல்லையே" என்று கேட்டது.

"இதே ஊருதான்" என்றது காளான்.

"இலை இருக்கா?"

"இல்லை."

"வேரு?"

"அதுவும் கிடையாது."

"ஒண்ணுமில்லாம வந்து குடை மட்டும் விரிச்சாச்சு! நான் பூத்தாத்தான் இந்த வீட்டுல சாமிக்குப் பூ. பாத்திரம் கழுவி ஊத்துற தண்ணியும் எனக்குத்தான். நீ வேற இடம் பாத்துக்க."

காளான் பதில் சொல்வதற்குள் வீட்டுக்காரி பவுனுத்தாய் வந்தாள். செடியில் பூப்பறித்தாள். குனிந்து காளானையும் பிடுங்கிக் குழம்புக்குக் கொண்டுபோனாள்.

"தொல்லை விட்டது" என்றது செடி.

"போனது என் குடைதான், உன் பூ போன மாதிரி" என்று மண்ணுக்குள்ளிருந்து அதே குரல் கேட்டது. "நான் இங்கதான் இருக்கேன், நூல் நூலா, இந்தக் கிணறு வெட்டுறதுக்கு முன்னால இருந்தே. உன்னைத் தொட்டியிலிருந்து எடுத்து இங்க நட்டாங்களே, அன்னிக்கு உன் வேருக்கு நகர்ந்து இடம் விட்டது நான்தான்."

செடி தன் வேரை மெல்ல அசைத்துப் பார்த்தது; சுற்றிலும் நூல் நூலாக ஏதோ தட்டுப்பட்டது.

அடுத்த மழை பெய்ததும் செடிக்குப் பக்கத்தில் ஒரு குப்பைமேனி தலைநீட்டியது. "எந்த ஊரு..." என்று ஆரம்பித்த நந்தியாவட்டை, பாதியில் நிறுத்திவிட்டு வேரைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டது.