கால் ராசி

"போன மாசம்தானே காரை சர்வீஸ் பண்ணீங்க? சிக்னலுக்குச் சிக்னல் இன்ஜின் அணைஞ்சு போகுது. என்னத்தைத்தான் பாத்தீங்க?"

அவள் போட்ட சத்தத்தில் மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"தானா மறுபடி ஓடுதா மேடம்?"

"பிரேக்கை விட்டா ஓடுது. ஆனா என் வீட்டுக்காரர் ஓட்டும்போது அணையறதே இல்ல. எல்லாம் என் கால் ராசியாம்! நாளையிலேர்ந்து வண்டியைத் தொடக் கூடாதாம். காலைல ஆறு மணி ட்யூட்டிக்கு எப்படிப் போறதுன்னு கேட்டா, நர்ஸ் வேலையையே விடுங்கறார்."

"ஐயோ, இது கோளாறே இல்ல மேடம். சிக்னல்ல நிக்கும்போது பெட்ரோல் மிச்சமாகட்டும்னு வண்டியே இன்ஜினை அணைச்சுக்குது. வேண்டாம்னா, ஒவ்வொரு தடவை வண்டி எடுக்கும்போதும் இந்த பட்டனை அமுக்கணும்."

"இதை எங்ககிட்ட யாருமே சொல்லலையே?"

"வண்டி வாங்கின வாரமே சாருக்குக் காட்டினேனே. ஏறினதும் முதல் வேலையா இதை அமுக்கிடறேன்னாரே!"

அவள் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

சாயங்காலம் கணவனை அலுவலக வாசலில் ஏற்றிக்கொண்டாள். முதல் சிக்னலிலேயே இன்ஜின் அடங்கியது.

"பாத்தியா, நிறுத்திட்ட! இந்த வண்டி உனக்கு ஒத்து வராதுன்னு எத்தனை தடவை சொல்றது?"

"மெக்கானிக்கைப் பாத்தேன். பட்டனைக் காட்டினார். உங்களுக்கு எப்பவோ காட்டிட்டாராமே?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்கள் காதைக் கிழித்தன.

"எடுடி, எல்லாரும் திட்டறாங்க!"

அவள் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

"திட்டட்டும். ஏன் மறைச்சீங்கன்னு சொல்லுங்க, எடுக்கறேன்."