மெத்தைச் சோதனை

“அரிசி கிரிசி ஒண்ணும் இல்லீங்கய்யா!”

கேட்பதற்கு முன்பே செல்லாயி பதில் சொல்லிவிட்டாள். முள்வேலி வாசலில் சோதனைக்கு நின்ற, ரப்பர் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பரஞ்சோதிக்குக் காது நிமிர்ந்தது. துப்பாக்கியோடு காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்ட் காட்டுக்காரர்களுக்கு அரிசி போகாமல் தடுப்பது, வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலத்தில் அவருக்குக் கொடுத்த வேலை. பிடித்ததில் நல்லதாகப் பார்த்து வீட்டுக்கு அனுப்புவது அவராகச் சேர்த்துக்கொண்ட வேலை.

அவள் தலையில் இலவம்பஞ்சு மெத்தை, உறை புத்தம் புதுசு. இடுப்பில் கைக்குழந்தை, உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு.

போன வாரம் இதே பிள்ளையோடு தோட்ட ஸ்டோர் வாசலில் அவர் முன்னால் நின்று அழுதாள். வேலிக்குள் கூலிகளின் வரிசை வீடுகளான லயங்களை நெருக்கிக் கட்டியதிலிருந்து மூட்டைப்பூச்சிகள் வீட்டுக்கு வீடு விருந்து போய்க்கொண்டிருந்தன. வெந்நீர், மண்ணெண்ணெய் எல்லாம் பார்த்தாயிற்று. பிள்ளை தூங்கி ஒன்பது நாள், ஒரு டப்பா மருந்து கொடுங்கள் என்று கெஞ்சினாள்.

“மருந்து துரை பங்களாவுக்கும் என் வீட்டுக்கும்தான். கூலி ரத்தம் கொஞ்சம் கொறைஞ்சா ஒண்ணும் ஆயிடாதுலா!” என்று சாவிக்கொத்தை ஆட்டிச் சிரித்தார். செல்லாயி சிரிக்கவில்லை. சாவியையே பார்த்துக்கொண்டு போனாள்.

“மெத்தை எங்கே போவுது?” என்று இப்போது வேலி வாசலில் கேட்டார்.

“லூனாஸ்ல தங்கச்சி வீட்டுக்குங்க. அலோர் ஸ்டார்லேருந்து அண்ணன் அனுப்புனது, இன்னும் ஒருத்தரும் படுக்கலை. எங்க வீட்டுப் பூச்சிக்குப் பயந்து அங்கே வைக்கப் போறேன்.”

பரஞ்சோதி இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்தார். அரிசி இல்லை. கையால் அமுக்கிப் பார்த்தார். வெண்ணெய்.

“சந்தேகமா இருக்கு. போலீஸ் பாலாய்க்கு அனுப்பணும்.”

“அய்யோ, அண்ணனுக்கு என்ன பதில் சொல்லுவேன்!” செல்லாயி மண்ணில் புரண்டாள். போலீஸ் நிலையத்துக்கென்று பிடித்த மெத்தை மத்தியானத்துக்குள் கிராணி வீட்டுக் கட்டிலில் ஏறிவிட்டது.

நான்காம் நாள் காலை பரஞ்சோதி வேலி வாசலுக்கு வந்தபோது கழுத்து பலாப்பழம்போல் இருந்தது. அவர் மனைவி ரமணி, துரைக்கென்று வைத்திருந்த டப்பா உட்பட ஸ்டோர் மருந்து மொத்தத்தையும் அந்த மெத்தைக்கு அடித்துத் தீர்த்திருந்தாள். அந்த நெடிக்குக் காக்கைகள் கரங்கான் ஊருக்கே குடிபோய்விட்டதாகக் கேள்வி. மெத்தைக்குள்ளிருந்த மூட்டைப்பூச்சியில் பாதி செத்தது. மீதிப் பாதி கிராணியின் கட்டில் சந்தில் குடித்தனம் வைத்தது. வெளியே சொல்லவும் வழியில்லை. பாலாய்க்குப் போன மெத்தை கிராணியை எப்படிக் கடிக்கும்?

வாசலில் பால் வெட்டுக்குப் போகிற சனம் மொத்தமும் வரிசையில் நின்றது. முதல் ஆளாகச் செல்லாயி. தலையில் இரண்டு தலையணை, புது உறை.

“மெத்தைக்கு மருந்தடிச்சு முடிச்சிட்டீங்கன்னா அதைக் குடுத்துட்டு, இந்தத் தலகாணியப் புடிச்சிக்குங்கய்யா.”